43 லாக்கும் 9 வீடும்

"காசு குடுக்கணும்னா குடுத்துட்டுப் போப்பா. அதுக்கு எதுக்கு ஆத்துல போய்த் துடுப்புப் போடணும்?"

முசிறியிலிருந்து அம்மா போனில் கேட்டாள். ரெடிங்கில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் தேம்ஸ் ஆற்றின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நான் முழித்தேன். லெச்லேட் என்ற சிற்றூரிலிருந்து லண்டன் ஓரத்தில் இருக்கும் டெடிங்டன் வரை கயாக் என்ற ஒல்லியான துடுப்புப் படகில் போவது. கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், 7 நாள். அதைச் சொல்லித் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் பணம் கேட்பது. சேர்ந்ததை உயிர்காப்புப் படகுகள் நடத்தும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்புக்குக் கொடுப்பது. இவ்வளவுதான் திட்டம்.

இங்கிலாந்தில் இது சர்வசாதாரணம். அலுவலகத்தில் மாதம் ஒருவராவது வருவார். ஒருத்தர் மாரத்தான் ஓடுவார், ஒருத்தர் மொட்டை போட்டுக்கொள்வார், ஒருத்தர் நவம்பர் முழுக்க மீசை வளர்ப்பார். 18 வருடமாக நானும் ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு என்று கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் ஓடினால்தான் நான் கொடுப்பேன் என்பதில் என்ன நியாயம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அம்மா ஒரே வரியில் கேட்டுவிட்டாள். "இங்க அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏன் உயிர்காப்புப் படகு என்று மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

எனக்கு 14 வயது. சித்தி மகனுக்கு 12. பதினெட்டாம் பெருக்கு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காவிரியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கு மேலிருந்து பார்த்தால் தெரியாது. அடுத்த எட்டு வைத்தான், ஆளைக் காணோம். நான் கத்திய கத்தலில் ஓடிவந்தவர்களில் நீச்சல் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் பரிசல்காரர்கள். அவர்கள் இருட்டும் வரை தேடினார்கள். மறுநாள் காலையில்தான் கிடைத்தான். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் நான் ஆற்றில் இறங்கவில்லை.

ஆர்.என்.எல்.ஐ.யைப் பற்றி இங்கே வந்த பிறகுதான் தெரியும். ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் என்பது முழுப்பெயர். 1824இல் தொடங்கியது. இரு நூறு வருடம் தாண்டியும் பெரும்பாலும் பொதுமக்கள் கொடுக்கும் காசில்தான் ஓடுகிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள். பிளம்பர், வாத்தியார், கடைக்காரர் என்று யாராகவும் இருப்பார்கள். இடுப்பில் ஒரு பேஜர். அது அலறினால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். கடலுக்கென்றே இருந்த அமைப்பு தேம்ஸுக்கு வந்தது 2002இல்தான். அதற்குக் காரணம் ஒரு விபத்து. 1989 ஆகஸ்ட் மாதம் லண்டன் நடுவில், நள்ளிரவு தாண்டி, மார்ஷனஸ் என்ற உல்லாசப் படகின் மேல் ஒரு மணல் அள்ளும் கப்பல் ஏறியது. 51 பேர் இறந்துபோனார்கள். விசாரணை, அறிக்கை என்று வருடங்கள் போய், கடைசியில் ஆற்றில் நான்கு நிலையங்கள் வந்தன. அதில் ஒன்று டெடிங்டன். அங்கே போவது முழுக்கத் தன்னார்வலர்கள்தான். மணல் அள்ளும் கப்பல் என்று முதன்முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே டெடிங்டனில் போய் முடிக்க வேண்டும் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இதில் கஷ்டமான பகுதி ஆறு இல்லை. பணம் கேட்பதுதான்.

நன்கொடை திரட்டும் இணையதளமான ஜஸ்ட்கிவிங்கில் ஒரு பக்கம் திறப்பது பத்து நிமிட வேலை. போட்டோ போட்டு, நாலு வரி எழுதினால் முடிந்தது. இந்த நாட்டில் வரி கட்டுகிறவர் கொடுத்தால் கிஃப்ட் எய்ட் என்று அரசாங்கம் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். எல்லாம் சுலபம். ஆனால் அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமே! எழுதுவேன், அழிப்பேன். 'முடிந்தால்' என்று சேர்ப்பேன். 'கட்டாயமில்லை' என்று சேர்ப்பேன். பத்து நாள் இப்படியே போயிற்று. கொடுக்கிற கையாகவே வளர்த்துவிட்டார்கள், நீட்டத் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு குடும்பக் குழு, கல்லூரிக் குழு, தமிழ்ச் சங்கக் குழு, அலுவலகம் எல்லாவற்றுக்கும் தட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் முதல் அழைப்பு கோயம்புத்தூர் மாமாவிடமிருந்து. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "மாப்ள, வேலை போயிருச்சா? வெக்கப்படாம சொல்லு." அவருக்கு விளங்க வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில், "அப்ப காசு உனக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டு, ஏமாந்தவர்போல வைத்துவிட்டார். தமிழ்ச் சங்கக் குழுவில் ஒருவர், நம் ஊரில் இல்லாத கஷ்டமா, வெள்ளைக்காரன் படகுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். கேட்கத் தக்க கேள்விதான். அதற்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. வருடா வருடம் ஊருக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அம்மாவிடம் இதையெல்லாம் புலம்பினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அட, இது மடிப்பிச்சைல்ல!" என்றாள்.

எனக்கு நாலு வயதில் டைபாய்டு வந்து பிழைத்தது வீட்டில் எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு அம்மா மடிப்பிச்சை எடுத்ததும் தெரியும். ஆனால் அது எப்படி இருந்தது என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். மஞ்சள் சேலை கட்டி, முந்தானையை ஏந்திக்கொண்டு, தெருவில் ஒன்பது வீடு. அரிசியோ காசோ போடுவார்கள். கிடைத்ததைக் கொண்டுபோய்க் கோயிலில் சேர்க்க வேண்டும். அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லையாம். பள்ளிக்கூடத்து வாத்தியார் பெண்டாட்டி தெருவில் கையேந்தினால் ஊர் என்ன சொல்லும்? உண்டியலில் நூறு ரூபாய் போட்டுவிடலாம் என்றாராம்.

"நூறு ரூவா போட நம்ம கிட்ட இல்லாமயா இருந்துச்சு? அது இல்லப்பா வேண்டுதல். நாம பேசாத வீடு ரெண்டு இருந்துச்சு அந்தத் தெருவுல. அங்கயும் போய் நின்னேன். அதுதான் வேண்டுதல்."

அதற்குப் பிறகு துடுப்பு எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை. எனக்கும் குழுக்களில் இரண்டாவது தடவை எழுதக் கூச்சம் இல்லாமல் போயிற்று. பேச்சுவார்த்தை அறுந்துபோன ஒரு பழைய சிநேகிதனுக்கும் அனுப்பினேன். அவன் இருபது பவுண்டு போட்டான். ஒரு வார்த்தை எழுதவில்லை. சரி, போகட்டும்.

கூட வந்தது பருத்தித்துறைக்காரத் தம்பி ஒருவர். கடலோடிகள் குடும்பம், சின்ன வயதிலேயே வள்ளத்தில் போனவர். எனக்கு எட்டு வயது இளையவர், எனக்கு எதைப் பற்றியெல்லாம் பயமோ அதைப் பற்றியெல்லாம் அவருக்குச் சிரிப்பு. ஜூலை 28, திங்கட்கிழமை லெச்லேட்டில் கயாக்குகளை இறக்கினோம். அலுவலக விடுமுறையையும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் பார்த்து வைத்த தேதி. ஏழாம் நாள் ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு என்று அம்மா சொல்லித்தான் கவனித்தேன்.

தேம்ஸில் கயாக் விடுவதற்கு உரிமம் வேண்டும். துடுப்புப் படகுக்காரர்களின் சங்கமான பேடில் யூகேயில் உறுப்பினராகச் சேர்ந்தால் அதிலேயே வந்துவிடும். லெச்லேட்டிலிருந்து டெடிங்டன் வரை மொத்தம் 44 லாக். ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டித் தண்ணீரைப் படிபடியாக நிறுத்தியிருக்கிறார்கள். படகுகள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்க, பக்கத்தில் இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. அதுதான் லாக். பெரிய படகுகள் உள்ளே போய் நின்று, தண்ணீர் வடிந்ததும் வெளியே வரும். கயாக்காரர்கள் பெரும்பாலும் கரையேறி, கயாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் இறங்கிக்கொள்வார்கள். கயாக் 25 கிலோ. கூடாரம், படுக்கை, அரிசி, அடுப்பு எல்லாம் சேர்ந்தால் தூக்கும்போது முதுகு பேசும். 44ஆவது டெடிங்டன், அதைத் தாண்ட வேண்டியதில்லை. ஆக 43 தடவை ஏறி, சுமந்து, இறங்க வேண்டும்.

முதல் லாக்கான செயின்ட் ஜான்ஸில் தேம்ஸ் கிழவரின் சிலை இருக்கிறது. தாடி வைத்துக்கொண்டு, தோளில் மண்வெட்டியோடு சாய்ந்து கிடக்கிறார். 1854இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸுக்காகச் செய்தது, பிற்பாடு இங்கே வந்து சேர்ந்தது. நமக்கு ஆறு என்றால் பெண். மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் கொடுத்துக் கும்பிடுவோம். இவர்களுக்குக் கிழவர். மண்வெட்டியைப் பார்த்தால் வாய்க்கால் வெட்டப் போகிறவர் மாதிரி இருந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அந்த வருடம், 2025, இங்கிலாந்தில் வசந்த காலம் நூறு வருடத்தில் இல்லாத வறட்சி. மேல்தேம்ஸில் ஓட்டமே இல்லை. தண்ணீர் நம்மைக் கொண்டுபோகும் என்று நினைத்துப் போனவனுக்கு ஒவ்வொரு மீட்டருக்கும் துடுப்புதான். சொல்லிக்கொடுத்தவர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: கையால் இழுக்காதே, இடுப்பைத் திருப்பு. ஈர வேட்டியைப் பிழிகிற மாதிரி உடம்பு முறுக வேண்டும், காலால் மிதிபலகையை உதைக்க வேண்டும். தெரிந்ததுதான். ஆனால் அலுப்பு வந்ததும் உடம்பு கையால்தான் இழுக்கும். முதல் நாள் ரஷி லாக் பக்கத்தில் கூடாரம் அடித்தபோது டார்ச் பொத்தானை அமுக்க விரலில் தெம்பில்லை.

இரண்டாம் நாள் கவிழ்ந்தேன். ஓட்டும்போது இல்லை, ஐன்ஷம் லாக்கில் மேடையிலிருந்து கயாக்கில் உட்காரும்போது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, நடுவில் ஆறு. லாக்கில் காத்திருந்த பெரிய படகில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே எழுந்து நின்று பார்த்தது. புளியோதரை டப்பா என்னை விட்டுவிட்டு ஆக்ஸ்போர்டு பக்கம் மிதந்து போனது. அதைவிடப் பெரிய கவலை, வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. மழைநாளில் சாக்கடை ஆற்றில் கலப்பது இங்கே பெரிய சண்டை. 2024இல் ஆக்ஸ்போர்டு - கேம்பிரிட்ஜ் படகுப் போட்டிக்கு வந்தவர்களையே, ஈ கோலி கிருமி இருக்கிறது, தண்ணீரில் இறங்காதீர்கள் என்று எச்சரித்தார்கள். "ஒண்டும் செய்யாது அண்ணை. காவேரித் தண்ணி குடிச்ச வயிறுதானே" என்றார் தம்பி. ஒன்றும் செய்யவில்லைதான்.

மூன்றாம் நாள் ஆக்ஸ்போர்டுக்குக் கீழே சாண்ட்ஃபோர்டு. லாக் பக்கம் எல்லாம் அமைதி. ஆனால் அதற்குக் கொஞ்சம் மேலே ஆற்றிலிருந்து ஒரு கிளை பிரிந்து தடுப்பணைக்குப் போகிறது. சாண்ட்ஃபோர்டு லாஷர் என்று அதற்குப் பேர். கயாக்கைக் கட்டிவிட்டு நடந்துபோய்ப் பார்த்தோம். அணைக்கு மேல் ஒரு கல்தூண். இங்கே மூழ்கி இறந்த கல்லூரி மாணவர்களின் நினைவாக வைத்தது. 1843இல் இருவர், 1872இல் ஒருவர், 1921இல் இன்னும் இருவர்.

பார்த்தால் பயமாகவே இருக்காது. ஆள் உயரம்கூட இல்லாத சின்ன வீழ்ச்சி, அடியில் வெள்ளை நுரை. ஆனால் மேலேயிருந்து விழுகிற தண்ணீர் அடியோடு போய்க் கொஞ்சம் தள்ளி எழும்புகிறது. எழும்பியதில் ஒரு பங்கு மேற்பரப்பில் திரும்ப அணையைப் பார்த்து வருகிறது. நுரையில் ஒரு மரக்கட்டை மாட்டியிருந்தது. விழும், முழுகும், இரண்டு கஜம் தள்ளி எழும்பும், தப்பித்தது என்று நினைப்போம், மெதுவாகத் திரும்பி வந்து மறுபடியும் அடியில் போகும். பத்து நிமிடம் நின்று பார்த்தோம். கட்டை வெளியே போகவே இல்லை. பருத்தித்துறைக்காரர் அந்தப் பயணத்தில் சிரிக்காமல் இருந்தது அங்கேதான். "கடல் சொல்லிப்போட்டுத்தான் அடிக்கும். இது சொல்லாது" என்றார்.

முசிறியில் அன்றைக்கு ஆறு சொல்லவில்லை என்று நான் அவரிடம் சொன்னேன். 30 வருடத்தில் குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு லாக்கில் என் கயாக்கின் முன்பக்கத்தையும் அவரே தூக்கினார்.

நாலாம் நாள் பென்சனிலிருந்து கிளீவ் வரை, லாக்கே இல்லாமல் ஆற்றில் மிக நீளமாகப் போகிற பகுதி, பத்துக் கிலோமீட்டருக்கு மேல். சுமக்க வேண்டாமே என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் அங்கே ஆறு தெற்குப் பார்த்துத் திரும்புகிறது, காற்று தென்மேற்கிலிருந்து. துடுப்பை நிறுத்தினால் கயாக் பின்னால் போனது. கரையோரம் நாயோடு நடந்த ஒரு பாட்டி எங்களை முந்திக்கொண்டு போனார். இரண்டு தடவை. நடுவில் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு வந்து முந்தினார். இதில் வேடிக்கை, கிளீவ் தாண்டி அடுத்த கோரிங் லாக் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஏறி உட்கார்ந்து, தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றி மாட்டும் உறையை மாட்டுவதற்குள் மறுபடியும் இறங்கு.

அன்று ராத்திரி ரெடிங்கின் கேவர்ஷம் பகுதி. அதாவது எங்கள் வீடு. 200 கிலோமீட்டர் சாகசப் பயணம் போகிறவன் நடுவில் சொந்த வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டு மெத்தையில் படுக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. தம்பி இரண்டாம் தடவை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கேள்வியை விட்டுவிட்டேன்.

படுக்கும் முன் ஜஸ்ட்கிவிங் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஊரிலிருந்து அண்ணன் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். சித்தி 500 ரூபாய் கொடுத்தாளாம். 'அவன் ஆத்துல போறானாமே' என்று மட்டும் சொன்னாளாம். அந்தப் பக்கத்தில் பணம் போட்டால் பெயர் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். ரூபாயை பவுண்டாக மாற்றி நானே போட்டேன். பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் கொஞ்ச நேரம் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. 'பெயர் வேண்டாம்' என்பதை அழுத்தினேன்.

அதற்கப்புறம் ஹென்லி, ஹர்லி, மார்லோ. அழகான இடங்கள், பணக்கார வீடுகள், ஒவ்வொரு புல்வெளி முனையிலும் 'இங்கே இறங்காதே' பலகை. சொல்ல அதிகம் இல்லை. வலது கை சுண்டுவிரல் மரத்துப்போனதுதான் செய்தி. மெய்டன்ஹெட்டில் பொறியாளர் புரூனல் கட்டிய ரயில் பாலத்தின் அடியில் போனோம். 1830களில் கட்டியது, செங்கல்லில் இவ்வளவு தட்டையாக வளைவு நிற்காது என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. இன்றைக்கும் மேலே ரயில் ஓடுகிறது. அதன் அடியில் எதிரொலி பிரமாதமாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், "கோவிந்தா!" என்று ஒரு சத்தம் போட்டேன். பாலம் ஐந்தாறு தடவை திருப்பிச் சொன்னது. மஞ்சள் துணி கட்டிக்கொண்டு சொம்போடு வீடு வீடாகத் திருப்பதிக்குக் காசு கேட்டு வருகிறவர்கள் போடுகிற சத்தம் அது. விவரம் தெரியாமல் எதிரே கயாக்கில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் சிரித்துக்கொண்டே "கோவிண்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டெடிங்டன். லாக்குக்கு மேலே கரையேறினோம். இதற்குக் கீழே கடலின் ஏற்ற இறக்கம் தொடங்கிவிடுகிறது, அது வேறு ஆறு. மனைவியும் பிள்ளைகளும் இன்னும் நாலு குடும்பமும் கேசரியோடு நின்றிருந்தார்கள். கை நடுங்கியதில் கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டேன். ஊரில் அப்போது ராத்திரி எட்டரை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

காலையில் ஆற்றுக்குப் போய் வந்ததைச் சொன்னாள். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போகிறதாம், படித்துறையில் இறங்கவிடாமல் போலீஸ் கயிறு கட்டியிருந்ததாம், குடத்தில் மொண்டு வந்து படியில் வைத்தே கும்பிட்டுவிட்டு வந்தார்களாம். சித்தியும் வந்திருந்தாளாம். வருடா வருடம் வரமாட்டாள்.

"முடிச்சிட்டேம்மா" என்றேன்.

"எவ்வளவு சேர்ந்துச்சு?" என்று கேட்பாள் என்று நினைத்து, 3,400 பவுண்டை ரூபாயில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவள் கேட்டது அதை இல்லை.

"எத்தன பேரு போட்டாங்க?"

"நூத்திப் பன்னெண்டு பேரும்மா."

"அடேயப்பா" என்றாள். "எனக்கு ஒம்பது வீடுதான்."